ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள்



ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தக் கொதிப்பு பார்ப்பதற்கு முன்னால் நாங்கள் எல்லோரிடமும் சொல்வது ஒன்று உண்டு. "அஞ்சு நிமிஷம் அந்தப் பெஞ்சில சும்மா உட்காருங்க. பேச வேணாம், போன் பாக்க வேணாம். அப்புறம் பாக்கலாம்." பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தவருக்கு உடனே கையில் பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு பார்த்தால்தான் உள்ளபடியான அளவு தெரியும்.

எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன், இந்த ஐந்து நிமிடம்தான் நம் ஜனங்களுக்குச் சிரமமான காரியமாக இருக்கிறது. ஊசி என்றால் தயங்காமல் கையை நீட்டுகிறவர்கள், கசப்பு மருந்தை மடமடவென்று குடித்துவிடுகிறவர்கள், சும்மா உட்காரச் சொன்னால் தவிக்கிறார்கள். அதிலும் பெண்கள்தான் அதிகம். ஒரு தாய் இரண்டாவது நிமிடமே எழுந்து போய்ப் பக்கத்துப் பெண்ணின் பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிட்டு வந்தார். இன்னொருவர் மடியில் இருந்த பையைப் பிரித்துக் கீரையை ஆய ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்குப் போனால் ஆய நேரம் கிடையாதாம்.

அந்தக் கீரைப் பையோடு வந்தவரின் கணவரும் கூட வந்திருந்தார். நல்ல மனிதர், வயல் வேலையைப் போட்டுவிட்டு மனைவியை அழைத்து வந்திருக்கிறார். சீட்டில் எழுதுவதற்காக அவரிடம் கேட்டேன்.

"வீட்டம்மா என்ன வேலை பாக்குறாங்க?"

"வேலையெல்லாம் ஒண்ணுமில்ல சார். வீட்ல சும்மாதான் இருக்கா."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடியும் ஓடியது.

அந்தச் 'சும்மா'வைக் கணக்குப் பார்த்துவிடலாம் என்று ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டேன். பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமம் அது. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற மண். மணி 5-க்கு எழுந்து வாசல் பெருக்கித் தெளிப்பது, மாட்டுத் தொழுவம் அள்ளுவது, குழாயில் தண்ணீர் வரும்போது பிடித்து வைப்பது, அடுப்பு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது. 9 மணிக்குக் களைக்கொட்டு எடுத்துக்கொண்டு வெங்காயக் காட்டுக்கு. திரும்பும்போது மாட்டுக்கு ஒரு கட்டுப் புல். சாயங்காலம் பால் கறவை, மறுபடி அடுப்பு, பாத்திரம். படுக்கும்போது மணி பத்தரை. தாளின் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. "இதுல சும்மா இருந்த நேரம் எதுங்க?" என்று கேட்டேன். கணவர் யோசித்தார். "ராத்திரி டி.வி. பாப்பாளே சார்" என்றார். அதுவரை பேசாமல் இருந்த அந்தம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். "அப்பவும் வெங்காயத் தாள் நறுக்கிக்கிட்டுத்தானங்க பாக்குறேன்."

இது அந்த ஒரு வீட்டுக் கதை அல்ல. 2019-ஆம் ஆண்டில் மத்திய அரசு நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று நிமிடக் கணக்காகக் கேட்டு எழுதினார்கள். கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், அதாவது ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான் வீட்டு வேலை செய்வதாகவே சொன்னார்கள். அப்படிச் செய்கிறவர்களுக்கும் 97 நிமிடம்தான். காடு கழனி வேலை இந்தக் கணக்கில் சேராது, அது தனி.

குடும்ப நலத் துண்டுப் பிரசுரத்தில் எதற்கு இந்தக் கணக்கு என்று நீங்கள் கேட்கலாம். ஓய்வும் சோறு மாதிரிதான். சட்டியில் இருப்பதை ஒருவரே சாப்பிட்டுவிட்டால் மற்றவர் பட்டினி கிடக்க வேண்டியதுதான். சோற்றுப் பட்டினி முகத்தில் தெரிந்துவிடும். ஓய்வுப் பட்டினி வருஷக்கணக்கில் வெளியே தெரியாமல் உடம்பை அரிக்கும்.

உடம்புக்குள் நடப்பது என்ன என்பதைக் கிணற்றை வைத்துச் சொன்னால் எளிதாக விளங்கும். கோடையில் மோட்டார் போட்டால் ஒரு மணி நேரத்தில் கிணறு வற்றிவிடுகிறது. பிறகு என்ன செய்கிறீர்கள்? மோட்டாரை நிறுத்திவிட்டு ஊற்று ஊறட்டும் என்று காத்திருக்கிறீர்கள். ஊறாத கிணற்றில் மோட்டாரை ஓட்டினால் காயில் கருகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். நம் உடம்பிலும் ஊற்றுக்கண் உண்டு. நாம் சும்மா இருக்கும் நேரத்தில்தான் அது ஊறுகிறது. இருதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. நன்றாகத் தூங்கும்போது அதன் வேகம் குறைகிறது, ரத்தக் கொதிப்பின் அளவும் பகலைவிட நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை இறங்குகிறது. பாடுபட்ட தசைகள் தம்மைச் சரிசெய்துகொள்வதும் அப்போதுதான். வயது வந்த ஒருவருக்கு இரவில் 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். பத்தரைக்குப் படுத்து 5 மணிக்கு எழுகிறவருக்கு, நடுவில் பிள்ளை அழாவிட்டாலும்கூட, அது கிடைப்பதில்லை. மனதும் அப்படியே. தொடர்ந்து விரட்டப்படுகிற மனதில் எரிச்சல்தான் மிஞ்சும். அந்த எரிச்சல் முதலில் பிள்ளைகள் முதுகில் விழும், அப்புறம் கணவன் மனைவிக்குள் வரும். உப்புக் குறைந்ததற்காக வரும் சண்டைகளில் பல, உண்மையில் உப்பால் வந்தவை அல்ல.

என் கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊர் ஊராகப் போய் ஓய்வைப் பற்றிப் பேசிப் பேசி எனக்கு ரத்தக் கொதிப்பு வந்துவிட்டது. நாற்பத்தெட்டாவது வயதில் ஒரு முகாமில், கூட்டம் சேரும்வரை எங்கள் செவிலியர் விளையாட்டாக எனக்கு அளந்து பார்த்தார். 160-க்கு 100. "சார், நீங்கதான் அந்தப் பெஞ்சில உட்காரணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமைகூட நான் வீட்டில் உட்கார்ந்தது கிடையாது. உட்கார்ந்தால் பொழுது வீணாகிறது என்கிற எண்ணம், சின்ன வயதில் என் தகப்பனார் விதைத்தது. இப்போது மாத்திரையும் சாப்பிடுகிறேன், சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு அரை மணி நேரம் உட்காரவும் செய்கிறேன். மாத்திரை பழக ஒரு வாரம் ஆயிற்று. நாற்காலி பழக ஆறு மாதம் ஆயிற்று.

"அந்தக் காலத்துல திண்ணையில உட்கார்ந்து பேசினோம், இப்ப எங்க?" என்று பெரியவர்கள் குறைப்படுவது உண்டு. திண்ணையில் உட்கார்ந்தது யார் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஆண்கள்தான். பெண்கள் அப்போது உரலில் குத்திக்கொண்டோ அம்மியில் அரைத்துக்கொண்டோ இருந்தார்கள். ஆகவே அந்தக் காலத்தை அப்படியே திரும்பக் கேட்பதில் நியாயமில்லை. பிற்பாடு மாவு மில் வந்தது, கியாஸ் அடுப்பு வந்தது, 2011 முதல் அரசாங்கமே வீட்டுக்கு வீடு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. ஒரு மணி நேர அரைப்பு பத்து நிமிடத்தில் முடிந்தது. மீந்த ஐம்பது நிமிடம் எங்கே போயிற்று? வேறு வேலை வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. இப்போது எஞ்சியதைச் செல்போன் எடுத்துக்கொள்கிறது. போன் பார்ப்பதும் ஓய்வுதானே என்பார்கள் சிலர். கையும் காலும் சும்மா இருக்கலாம், கண்ணும் மனமும் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. படுக்கையில் படுத்துக்கொண்டு அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் தூக்கமும் தள்ளிப்போகும். கணவன்மார்களில் சிலர் சாராயக் கடைக்குப் போவதை ஓய்வு என்று சொல்வதும் எனக்குத் தெரியும். குடித்த பிறகு வருவது நல்ல தூக்கம் அல்ல. நடுராத்திரியில் கலைந்துவிடும், காலையில் உடம்பு இன்னும் அசதியாக இருக்கும். காசு போனது வேறு.

ஓய்வு இல்லாததால் மிகவும் பாதிக்கப்படுகிறவர்கள் கர்ப்பிணிகள். கர்ப்ப காலத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றரைப் பங்காகப் பெருகுகிறது. இருதயம் அவ்வளவையும் இறைத்தாக வேண்டும். இதற்கு மேல் ரத்த சோகையும் இருந்தால் சொல்ல வேண்டியதில்லை. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்த சோகை. ஆகவேதான் இரவில் 8 மணி நேரத் தூக்கமும் பகலில் 2 மணி நேர ஓய்வும் வேண்டும் என்கிறோம். மாதம் ஏற ஏற மல்லாந்து படுக்காமல் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுப்பது நல்லது. கனத்த கர்ப்பப்பை பின்னால் இருக்கும் பெரிய ரத்தக் குழாயை அழுத்தாமல் இருக்கும், குழந்தைக்கும் ரத்தம் தடையில்லாமல் போகும்.

சொல்வது எளிது. ஒரு வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். ஏழாம் மாதம், தலைப்பிரசவம், ரத்த அளவு 9 கிராம். கர்ப்பிணிக்கு 11 கிராமாவது இருக்க வேண்டும். மதியம் படுத்து ஓய்வெடுக்கச் சொல்லிக் கிராம சுகாதார செவிலியர் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். மூன்று தடவையும் "சரிங்க்கா" என்று பதில். ஆனால் எடையும் ஏறவில்லை, முகத்தில் தெளிவும் இல்லை. என்ன என்று பார்க்க நானும் செவிலியரும் அந்த வீட்டுக்கு ஒரு மத்தியான வேளையில் போனோம். அந்தப் பெண் உள்ளே பாயில் படுத்திருந்தாள். மாமியார் கொல்லைப்புறத்திலிருந்து வரும் காலடிச் சத்தம் கேட்டதுதான் தாமதம், சடாரென்று எழுந்து முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்த வேகம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

மாமியார் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். மருமகளைப் பார்த்து, "இவள நான் ஒரு வேலையும் சொல்றதில்லீங்க" என்றார். உண்மைதான், அவர் சொல்லவில்லை. செவிலியர் கேட்டதற்கு அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "அத்தை வேலை செய்யும்போது நான் எப்படிக்கா படுத்திருக்கிறது? பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

இதற்கு மாத்திரை கிடையாது. அந்த வெட்கத்தைப் போக்க வீட்டில் உள்ள மற்றவர்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும். கணவனைக் கூப்பிட்டுப் பேசினோம். இருபத்தைந்து வயதுப் பையன், முதலில் சிரித்தான், பிறகு யோசித்தான். மறுநாளிலிருந்து அவன் செய்தது இதுதான்: மதியம் சாப்பிட்டதும் கயிற்றுக் கட்டிலை வேப்பமரத்து நிழலில் எல்லோரும் பார்க்கும்படி போட்டான். அம்மாவிடம், "நீயும் செத்த நேரம் கால நீட்டு, ரெண்டு பேரும் படுங்க. தண்ணியும் மாடும் நான் பாத்துக்குறேன்" என்றான். மாமியாருக்கு ஐம்பது வயதுக்கு மேல். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பகலில் காலை நீட்டியதில்லையாம். மாமியார் படுத்ததும் மருமகளுக்கு வெட்கம் போய்விட்டது. இரும்புச் சத்து மாத்திரையையும் டீயோடு சேர்க்காமல் ஒழுங்காகச் சாப்பிட்டாள். பிரசவத்துக்கு முன் ரத்தம் 10.6-க்கு வந்தது. ஓய்வு மட்டுமே ரத்தத்தை ஏற்றிவிடாது. மாத்திரையும் கீரையும் முட்டையும்தான் ஏற்றின. ஆனால் நேரத்துக்கு உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு நேரம் கிடைத்ததே, அதைச் சொல்கிறேன்.

இந்த நியாயம் அரசாங்கத்துக்கும் தெரிந்ததுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987-ல் தொடங்கிய மகப்பேறு உதவித் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று, கர்ப்பிணி வேலைக்குப் போகாததால் விட்டுப்போகும் கூலியை ஈடுசெய்வது. 2018-ல் அது ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாயாக உயர்ந்தது. உட்கார்ந்து இளைப்பாறுவதற்காகவே கொடுக்கப்படும் பணம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதை வட்டிக்கடனுக்குக் கட்டிவிட்டு அவளைக் களை வெட்ட அனுப்புவது சரியல்ல.

ஒரு எச்சரிக்கை. கர்ப்ப காலத்து ஓய்வு என்றால் நாள் முழுக்கப் படுக்கையிலேயே கிடப்பது அல்ல. மெல்ல நடப்பது, இலேசான வேலை செய்வது நல்லதுதான். கடும் தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், குழந்தையின் அசைவு குறைதல், இவற்றில் எது வந்தாலும் படுத்தால் சரியாகிவிடும் என்று இருந்துவிடக் கூடாது. உடனே 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகும் அப்படியே. தாய் பதற்றமாகவும் களைப்பாகவும் இருந்தால் பால் சுரந்தும் இறங்காமல் தடைப்படுவதுண்டு. பிள்ளை தூங்கும்போது தாயும் தூங்கட்டும். அந்த நேரத்தில் துணி துவைக்கக் கிளம்பினால் யாராவது தடுக்க வேண்டும். அந்த யாராவது கணவனாக இருந்தால் ரொம்ப நல்லது.

இங்கே இன்னொரு பெரிய ஓய்வைச் சொல்லியாக வேண்டும், எங்கள் துறையின் வேலையே அதுதான். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவே 2 வருஷமாவது விட வேண்டும். அது தாயின் உடம்புக்கு நீங்கள் இருவரும் சேர்ந்து கொடுக்கும் ஓய்வு. காப்பர் டி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் அந்தரா ஊசி, மாத்திரை, நிரோத் எல்லாம் அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். போதும் என்று முடிவு செய்த தம்பதிகளில் ஆண்கள் நவீன வாசக்டமி செய்துகொள்ளலாம். தையல் கிடையாது, சில நிமிட வேலை. இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் கனமான வேலை வேண்டாம், அவ்வளவுதான். அடுத்த 3 மாதத்துக்கு மட்டும் வேறு முறையையும் கூடவே கைக்கொள்ள வேண்டும். பலம் போய்விடும் என்பது வெறும் பேச்சு. ஒரு கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "ரெண்டு நாள் சும்மா இருக்கச் சொல்றீங்க, அதுதான் முடியாது சார்" என்றார். சிரித்துவிட்டோம்.

சரி, நம் வீட்டில் எப்படி ஆரம்பிப்பது? பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். நாளில் அரை மணி நேரம், இருவரும் ஒன்றாக, கையில் வேலை இல்லாமல், போனை உள்ளே வைத்துவிட்டு உட்காருங்கள். சித்திரை வைகாசி வெயிலில் மதியம் 12 முதல் 3 வரை எப்படியும் காட்டில் நிற்கக் கூடாது, அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். மற்ற மாதங்களில் விளக்கு வைத்த பிறகு. அந்த அரை மணியைக் கணவன் ஏதாவது ஒரு வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டுதான் உண்டாக்க முடியும்: தண்ணீர் பிடிப்பதோ, பிள்ளையைக் குளிப்பாட்டுவதோ, பாத்திரம் கழுவுவதோ. இல்லாவிட்டால் அவள் உட்கார்ந்த அரை மணி, படுக்கும் நேரத்திலிருந்து கழிந்துவிடும். கடன் பேச்சையும் பங்காளி வழக்கையும் அந்த நேரத்தில் எடுக்காதீர்கள். "பின்ன என்னத்தப் பேசுறது?" என்று கேட்ட கணவர்கள் உண்டு. பேசாமலும் இருக்கலாம். காற்று வாங்குங்கள், மாடு அசை போடுவதைப் பாருங்கள். முதல் நாலைந்து நாள் அவளுக்குக் கை பரபரக்கும். வெங்காயக் கூடையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

இவ்வளவு செய்தும் அசதி தீரவில்லை என்றால் அது வேறு. நன்றாகத் தூங்கியும் களைப்பு, படி ஏறினால் மூச்சு வாங்குதல், காரணமில்லாமல் எடை குறைதல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், இவை நோயின் அறிகுறியாக இருக்கலாம். ரத்த சோகை, சர்க்கரை, தைராய்டு, காசநோய் எதற்கும் சோதனை உண்டு. பிள்ளை பெற்ற தாய் எதிலும் மனம் ஒட்டாமல், அழுதுகொண்டே இருந்தால் 'சோம்பேறி' என்று ஏசாதீர்கள். அதற்கும் வைத்தியம் இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை.

உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் ரத்த அளவும் ரத்தக் கொதிப்பும் இலவசமாகப் பார்க்கிறோம். வரும்போது இருவருமாக வாருங்கள், இருவருக்குமே பார்த்துவிடலாம். கொஞ்சம் முன்னதாகவே கிளம்பி வாருங்கள். வந்ததும் ஐந்து நிமிடம் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும். கீரைப் பையை எங்கள் செவிலியர் வாங்கி வைத்துக்கொள்வார்.